முஸ்பிறா சொன்ன இடங்கள்

ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் மீராசா, சாய்ந்தமருதில் இருக்கும் அப்துல் ஹமீடின் வீட்டுக்கு வந்தது வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. ஸலாம் சொன்னார், கதிரையில் அமர்ந்தார், குடையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு ஐந்து நிமிடம் போல மழையைப் பற்றியும் வயலைப் பற்றியும் கதைத்தார். மழையும் பெய்யவில்லை, அவருக்கு வயலும் இல்லை.

அப்துல் ஹமீட் குறுக்கே பேசவில்லை. முப்பத்தொரு வருடம் சிறுவர் நன்னடத்தை உத்தியோகத்தராக வேலை பார்த்தவர் அவர். வெட்கப்படுகிற மனிதன் விஷயத்துக்கு வர எவ்வளவு நேரம் எடுப்பான் என்று அவருக்குத் தெரியும். ஓய்வுபெற்ற பிறகும், பொலிசுக்குப் போக விரும்பாதவர்கள் அவரைத் தேடி வருவது நிற்கவில்லை.

உள்ளறையில் தையல் மெஷின் சத்தம் நின்றது. அவருடைய தங்கை சுஹறா காதைக் கொடுத்துவிட்டாள் என்பதற்கு அது அடையாளம்.

"ஒரு சங்கிலி காணாமப் போயிட்டு, ஹமீட்" என்றார் மீராசா கடைசியில். "எடுத்த ஆள் ஆரெண்டும் தெரியும். அவள் ஒப்புக்கொண்டுட்டாள். எங்க வெச்ச எண்டுதான் ஒழுங்காச் சொல்றாளில்ல. அதை மட்டும் நீங்க கேட்டு எடுத்துத் தந்தாப் போதும்."

"ஆர் எடுத்த?"

"முஸ்பிறா. என்ட தங்கச்சிட மகள். உங்களுக்கு அவளத் தெரியும். பன்னிரண்டு வருசத்துக்கு முந்தி நான்தான் உங்கட ஒபிசுக்குக் கூட்டி வந்த."

அப்துல் ஹமீடுக்கு ஞாபகம் வந்தது. பதினொரு வயதுப் பிள்ளை; நீலச் சட்டை; மேசை விளிம்பை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நின்றது. மாமாவின் பேனையைக் களவெடுத்ததாகக் குற்றம். கேட்டவுடனே "ஓம், நான்தான்" என்றது. அவர் அரைப் பக்கத்தில் அறிக்கை எழுதினார். 'சிறுமி குற்றத்தை ஒப்புக்கொள்கிறாள். களவுப் பழக்கம் காணப்படுகிறது.' அன்று அவருக்கு வேறு ஏழு பிள்ளைகளின் அலுவல் இருந்தது.

"நடந்ததச் சொல்லுங்க, சேர்."

மீராசா வகுப்பில் பாடம் நடத்துவது போலவே ஒழுங்காகச் சொன்னார். மகள் அம்ஹாவுக்கு மருதமுனையில் மாப்பிள்ளை பார்த்து, போன சனிக்கிழமை நிச்சயம். மாப்பிள்ளையின் உம்மா பெண்களோடு வந்து, தன் கையாலேயே அம்ஹாவின் கழுத்தில் சங்கிலியைப் போட்டார். சாப்பாட்டுக்கு முன் சங்கிலியைப் பெட்டிக்குள் வைத்து, கமீலா, அதாவது மீராசாவின் மனைவி, அலுமாரியில் பூட்டினார். திறப்பைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டார். சாப்பிட்டு முடிந்ததும் சங்கிலியோடு இன்னொரு படம் எடுக்க வேண்டுமென்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள். எல்லோர் முன்னாலும் அலுமாரி திறக்கப்பட்டது. பெட்டி இருந்தது. உள்ளே சங்கிலி இல்லை.

"நான் முஸ்பிறாவக் கூப்பிட்டன். 'நீயா?' எண்டு கேட்டன். 'ஓம் மாமா' எண்டாள்."

"வேற ஆரிட்டயும் கேட்டீங்களா?"

"ஒப்புக்கொண்டாப் பிறகு வேற ஆரிட்டக் கேக்க?" மீராசா குடையின் கைபிடியைத் திருகினார். "வளர்ப்பில நான் ஒரு குறையும் வெக்கல்ல, ஹமீட். எட்டு வயசில கூட்டி வந்த. உம்மா குவைத்தில. வாப்பா மாடு களவெடுத்து மறியலுக்குப் போன ஆள். ரத்தத்தில இரிக்கி. நாம என்ன செய்ற?"

"இதுக்கு முந்தி எத்தின தரம்?"

"உங்களுக்குத் தெரிஞ்ச அந்தப் பேனை. மறுகா கமீலாட கைக்கடிகாரம். என்ட மூக்குக்கண்ணாடி ஒருக்கா. எல்லாம் ஒப்புக்கொண்டாள். அந்த விசயத்தில நல்ல பிள்ளை."

"சொன்ன இடத்தில ஒரு தரமாவது சாமான் கிடைச்சதா?"

மீராசா யோசித்தார். "இல்ல. அதுதான் அவள்ட குணம். பேனை கிணத்தடியில எண்டாள், நாலு நாள் கழிச்சுக் கோழிக்கூட்டுக்குள்ள கிடந்த. இப்பவும் அப்படித்தான். முதல்ல கிணத்துக்குள்ள போட்ட எண்டாள். மோட்டர் வெச்சுக் கிணத்தையே இறைச்சிட்டம். பிறகு கடல் எண்டாள். நேத்து, பஸ்ஸில ஒரு பொம்பிளைட்டக் குடுத்த எண்டாள்."

"மாப்பிள்ளை வீட்டார் எப்ப வரைக்கும் தவணை தந்த?"

"நாளைக்கு ஜும்ஆ வரைக்கும். அதுக்குப் பிறகு அவங்க பொலிசில குடுப்பாங்க. குடுத்தா அவள்ட கதை முடிஞ்ச. முன்பள்ளியில ரீச்சர் வேலை கிடைச்சிரிக்கி, ஒண்டாந் திகதி போகணும்." குரல் இறங்கியது. "அதுக்காகத்தான் வந்த. அவள் கெட்டவள் எண்டாலும் என்ட தங்கச்சிட பிள்ளை."

அப்துல் ஹமீட் எழும்பினார். உள்ளே சுஹறா ஏற்கெனவே ஹபாயாவைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"உன்ன ஆர் வரச் சொன்ன?"

"பொம்பிளைகள்ட வீட்டு விசயம், காக்கா. நீங்க விறாந்தையில இருந்து சுவரப் பாத்து என்னத்தக் கண்டுபிடிப்பீங்க?"

அதில் உண்மை இருந்தது.

* * *

கல்முனைக்குடியில் மீராசாவின் வீடு கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையில் இருந்தது. மீராசாவின் வீடு என்று ஊர் சொன்னாலும் அது கமீலாவின் சீதன வீடு. கலியாணத்தோடு அம்ஹாவுக்கு எழுதப்போகிற வீடு. முஸ்பிறாவோ மீராசாவின் பக்கத்துப் பிள்ளை. அந்தச் சுவர்களுக்குள் அவளுக்கு என்று ஒரு கல்லும் இல்லை என்பதை அப்துல் ஹமீட் வாசலிலேயே கணக்கில் எடுத்துக்கொண்டார்.

கமீலா முக்காட்டை இழுத்துவிட்டு, கதவு நிலையில் நின்றபடியே கதைத்தார்.

"சனிக்கிழமை பகல் ஒரு மணிக்குச் சாப்பாடு, நானா. ஆம்பிளைகள் சோத்துச் சஹனத் தூக்கிக்கொண்டு வாறாங்க எண்டு சத்தம் கேட்டிச்சி. ஹோலுக்குள்ள இருந்த பொம்பிளைகள் எல்லாம் சோலப் போட்டுத் தலையையும் கழுத்தையும் மூடினம். அப்பதான் நான் அம்ஹாட்டச் சொன்ன, சங்கிலியக் கழட்டி வெச்சிட்டு வந்து இரு மகள், நெய்ச்சோறு பட்டிரும் எண்டு. அறைக்குப் போய்க் கழட்டினாள். நான் வாங்கிப் பூட்டின."

"எவ்வளவு நேரம் எடுத்த?"

"ரெண்டு நிமிசமும் இல்ல. நான் கதவடியில நிண்ட. சஹன் வந்திட்டு, மாப்பிள்ளைட உம்மா பாத்துக்கொண்டு இரிக்கா. கெதியா வா கெதியா வா எண்டு நான்தான் அவசரப்படுத்தின."

"பிறகு திறப்பு உங்கட முந்தானையை விட்டுப் போகல்லயா?"

"அல்லாஹ்மேல ஆணையாப் போகல்ல. ஒரே சஹனச் சுத்தித்தான் இருந்த, அம்ஹா எனக்குப் பக்கத்தில, மாப்பிள்ளைட உம்மா முன்னுக்கு. கடைசி வரைக்கும் ஒராளும் ஒழும்பல்ல."

"முஸ்பிறா?"

"எல்லாருக்கும் கை கழுவத் தண்ணி ஊத்தினாள். மறுகா கறி விட்டாள்." கமீலா தயங்கினார். "குசினிக்கும் ஹோலுக்கும் நடந்துகொண்டே இருந்தாள். இடையில புகுந்திருப்பாள்."

அலுமாரியின் பூட்டில் கீறல் இல்லை. சங்கிலி இருந்த பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார் அப்துல் ஹமீட். உள்ளங்கையளவு சிவப்பு வெல்வெட் பெட்டி. பித்தளைக் கொளுக்கி இறுக்கமாகத்தான் இருந்தது. திறந்தார், மூடினார், திரும்பத் திறந்தார்.

"அலுமாரியத் திறக்கக்குள்ள இது மூடியா இருந்த?"

"மூடித்தான். நான் வெச்ச மாதிரியே."

"அலுமாரியும் பூட்டித்தான்?"

"ஓம்."

சுஹறா உள்ளே போய் முக்கால் மணித்தியாலம் கழித்து வந்தாள். முகம் பளபளத்தது. அண்ணனை வேலியோரம் கூட்டிப்போய்க் குசுகுசுத்தாள்.

"காக்கா, ஆளப் பிடிச்சிட்டன். மகன் முர்ஷித். அந்த அலுமாரிக்கு இன்னொரு திறப்பு இரிக்கி. அது அவன்ட மோட்டபைக் திறப்புக் கோர்வையில தொங்குது! சஹன் தூக்கி வந்த ஆள்களில அவனும் ஒராள். பாய் எடுக்க அறைக்குள்ள போயிரிக்கான்."

"நல்லாப் பாத்திரிக்காய்" என்றார் அப்துல் ஹமீட். "அவசரமா வந்த கள்ளன் பெட்டியோட எடுத்துக்கொண்டு போவானா? பெட்டியத் திறந்து, சங்கிலிய எடுத்து, பெட்டிய மூடி, இருந்த இடத்திலயே வெச்சு, அலுமாரியையும் பூட்டிட்டுப் போவானா?"

சுஹறாவின் முகம் விழுந்தது. "அப்ப முஸ்பிறாவும் அப்படிச் செய்ய ஏலாதே."

"ஏலாது. கையில தண்ணிக் குடத்தோட நிண்ட ஆள் அவள். சரி, மகளக் கண்டாயா? அம்ஹா."

"பாவம், காக்கா. அழுது முகமெல்லாம் வீங்கிக் கிடக்கு. கலியாணம் குழம்பப் போகுதே. இந்த வெக்கையில, நாங்க பொம்பிளைகள் மட்டும் இருந்த அறைக்குள்ள, சோல நாடி வரைக்கும் ஊசி குத்திக்கொண்டு வேர்த்து வடியிறாள். கழட்டு புள்ள, காத்துப் படட்டும் எண்டன். மாட்டன் எண்டு தலையாட்டிட்டாள்."

அப்துல் ஹமீட் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"சனிக்கிழமை எடுத்த படங்கள் கமீலாட போனில இரிக்குமா?"

"எக்கச்சக்கம். காட்டினா. கொண்டரட்டா?"

"வேணாம். ஊர்ப் பொம்பிளைகள்ட படம் நான் பாக்கக் கூடாது. நீ போய்ப் பாத்துட்டு வா. அம்ஹா சோல் போட்டாப் பிறகு, அறைக்குப் போக முந்தி எடுத்த படம் ஒண்டு, வந்து சஹனில இருந்தாப் பிறகு எடுத்த படம் ஒண்டு. ரெண்டிலயும் அவள்ட சோல மட்டும் பாரு. எத்தின ஊசி, எந்த இடத்தில, மடிப்பு எப்படி. நீ தையல்காரி. உன்ட கண்ணத்தான் நான் நம்புற."

சுஹறாவுக்கு இப்படி ஒரு பாராட்டு வருடத்துக்கு ஒரு தரம்தான் கிடைக்கும். ஓடினாள். போன வேகத்திலேயே திரும்பி வந்தாள்.

"அஞ்சு ஊசி. முத்து வெச்சது மூண்டு, சும்மா ஊசி ரெண்டு. இடப்பக்கத் தோள் முத்து கொஞ்சம் சரிஞ்சிரிக்கி. முந்திப் படத்திலயும் அப்படியே சரிஞ்சிரிக்கி, பிந்தின படத்திலயும் அப்படியே சரிஞ்சிரிக்கி. மடிப்பு ஒரு நூல் அசையல்ல. ஏன் கேக்கிறீங்க?"

"அஞ்சு ஊசியையும் கழட்டித் திரும்பக் குத்த எவ்வளவு நேரம் வேணும்?"

"கண்ணாடிக்கு முன்னால நிண்டு தன்ட கையாலயே குத்தினாலும் பத்து நிமிசம். அதே மாதிரி வராது. ஏலவே ஏலா." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "காக்கா!"

"சத்தம் போடாத. எனக்கு இன்னும் ஒராளோட கதைக்கணும்."

* * *

முஸ்பிறா குசினி வாசலில் இறால் உடைத்துக்கொண்டிருந்தாள். அப்துல் ஹமீடைக் கண்டதும் எழுந்து, கையைக் கழுவி, முன்னால் வந்து நின்றாள். இருபத்து மூன்று வயது. நின்ற விதம் பதினொரு வயதுக்குரியது.

"எழுதுங்க, சேர். நான்தான் எடுத்த."

"எழுத நான் பேப்பர் கொண்டரல்ல. எங்க வெச்ச?"

அவள் யோசித்தாள். மறந்ததை நினைவுபடுத்துகிற யோசனை அல்ல அது. கடையில் எதை வாங்கினால் வீட்டில் ஏச்சு விழாது என்று பார்க்கிற யோசனை.

"பஸ்ஸில குடுத்த எண்டு சொன்ன. நம்பல்லயா?"

"கிணத்துக்குள்ள எண்டு ஏன் முதல்ல சொன்ன?"

"இறைக்க ஒரு நாள் போகும்தானே, சேர். அந்த ஒரு நாளும் வீட்டில சத்தம் இரிக்காது."

"அம்ஹாக்கு சோல் குத்தி விட்ட ஆர்?"

பூனையொன்று இறால் தலையை இழுத்துக்கொண்டு போனது. அவள் அதைக்கூட விரட்டவில்லை.

"நான்தான்" என்றாள்.

"எப்ப?"

"ஆம்பிளைகள் வாறாங்க எண்டு சத்தம் கேட்ட உடன."

"அப்ப சங்கிலி எங்க இருந்த?"

அவள் நிலத்தைப் பார்த்தாள். "நான்தான் எடுத்த எண்டு சொல்றேனே, சேர். பிறகு ஏன் கேக்கிறீங்க?"

* * *

அஸர் தொழுகை முடிந்து வந்ததும் எல்லோரையும் ஹோலுக்குள் இருக்கச் சொன்னார் அப்துல் ஹமீட். மீராசா தன் வழக்கமான கதிரையில்; கமீலா பாயில்; அவரோடு ஒட்டிக்கொண்டு அம்ஹா, நாடி வரை சோலோடு; முர்ஷித் யன்னலில் சாய்ந்து. முஸ்பிறா குசினி வாசலிலேயே நின்றாள். உள்ளே வந்து இருக்கும்படி அவளை யாரும் சொல்லவில்லை. சுஹறாதான் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்து பாயில் இருத்தினாள்.

"என்ட பைக் கோர்வையில திறப்பு இருந்தது உண்மை" என்று முர்ஷித் தானாகவே ஆரம்பித்தான். "அந்த சுஹறா ராத்தா என்னப் பாத்த பார்வை..."

"உன்ன விட்டுட்டன் மகன், பயப்படாத" என்றாள் சுஹறா.

"திறப்பு ஆரிட்ட இருந்திருந்தாலும் ஒண்டுதான்" என்றார் அப்துல் ஹமீட். குரல் உயரவில்லை. "அஞ்சு நாளா எல்லாரும் அலுமாரிய ஆரோ திறந்த எண்டு நினைச்சிரிக்கீங்க. பூட்டின பிறகு அலுமாரிய ஒருத்தரும் திறக்கல்ல. பூட்டக்குள்ளயே பெட்டி வெறுமை."

கமீலா நிமிர்ந்தார். "என்ன நானா சொல்றீங்க? நான்தானே பூட்டின."

"நீங்க பூட்டினது பெட்டிய. திறந்து பாத்தீங்களா?"

"இல்ல... நான் ஏன் திறந்து பாக்க? என்ட மகள்தானே தந்த."

அந்தப் பதில் அறைக்குள்ளேயே நின்றது.

"கமீலா தங்கச்சி காலையில சொன்ன ஒழுங்கு இது" என்று அவர் தொடர்ந்தார். "முதல்ல மாப்பிள்ளைட உம்மா சங்கிலியப் போட்டா. பிறகு ஆம்பிளைகள் சஹனோட வாறாங்க எண்டு சத்தம். எல்லாரும் மூடினீங்க. அதுக்குப் பிறகுதான் சங்கிலியக் கழட்டச் சொன்ன. அப்ப சங்கிலி எங்க? சோலுக்கு உள்ளுக்கு. அதக் கழட்டணும் எண்டா முதல்ல சோலக் கழட்டணும். அஞ்சு ஊசி. அறைக்குள்ள இருந்ததோ ரெண்டு நிமிசம். போக முந்தி எடுத்த படத்திலயும், வந்த பிறகு எடுத்த படத்திலயும் ஒரே ஊசி, ஒரே சரிவு, ஒரே மடிப்பு. என்ட தங்கச்சி தையல்காரி. அவள் பாத்துச் சொன்ன. அந்தச் சோல் கழண்டதே இல்ல."

மீராசா மகளைப் பார்த்தார். அம்ஹா யாரையும் பார்க்கவில்லை.

"கழண்டிருக்காட்டி, சங்கிலி பெட்டிக்குள்ள போயிருக்க ஏலா. மாப்பிள்ளைட உம்மாவுக்கு முன்னால, ஒரே சஹனில இருந்து சாப்பிடக்குள்ளயும் அது இருந்த இடத்திலதான் இருந்த. சங்கிலி காணல்ல எண்டு தெரிஞ்ச பிறகு வீடு முழுக்கத் தேடினீங்க, கிணத்தையும் இறைச்சீங்க. ஒளிக்க வேற இடம் இல்ல. இண்டைக்குக் காலையில, பொம்பிளைகள் மட்டும் இருந்த அறைக்குள்ள, இந்த வெக்கையில, சுஹறா கழட்டச் சொல்லியும் அந்தப் பிள்ளை சோலக் கழட்டல்ல."

"அம்ஹா" என்றார் கமீலா.

அப்துல் ஹமீட் எழும்பினார். "சுஹறா, பிள்ளைக்கு உதவி செய். நாங்க பாக்கல்ல." என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். முர்ஷித் யன்னலுக்கு வெளியே பார்த்தான். மீராசாவுக்குத் திரும்ப வேண்டிய தேவை இல்லை. அவர் பெற்ற தகப்பன். அவரும் எழும்பி, சுவரில் மாட்டியிருந்த கலண்டருக்கு நேராகத் திரும்பி நின்றார்.

ஊசிகள் ஒவ்வொன்றாகச் சுஹறாவின் உள்ளங்கையில் விழுந்தன. பிறகு ஒரு விம்மல். பிறகு, வெல்வெட் பெட்டியின் கொளுக்கி திறக்கிற சத்தம்.

"பாருங்க, காக்கா" என்றாள் சுஹறா.

அவர்கள் திரும்பியபோது அம்ஹாவின் தலையில் சோல் தளர்வாகக் கிடந்தது. சங்கிலி பெட்டிக்குள் இருந்தது. ஐந்து நாள் வேர்வையில் அது மங்கியிருந்தது.

"ஏன், மகள்?" மீராசாவின் குரல் பள்ளிக்கூடக் குரலாக இருக்கவில்லை. "இது உனக்குத் தந்த சங்கிலிதானே. உன்ட சாமானத்தானே எடுத்திரிக்காய்."

"எனக்கு இந்தக் கலியாணம் வேணாம்" என்றாள் அம்ஹா. "அது காணாமப் போனா அவங்களா விட்டிருவாங்க எண்டு நினைச்ச."

"வேணாம் எண்டு என்னட்டச் சொல்லியிருக்கலாமே?"

"உங்களிட்டயா?" அவள் அழுகைக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்த்தாள். "இந்த வீட்டில ஆர் வாப்பா உங்களிட்ட வேணாம் எண்டு சொல்லியிரிக்காங்க?"

கமீலா தலையைக் குனிந்துகொண்டார். முர்ஷித் யன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை.

"பேனையும் நீதானா?" என்று கேட்டார் அப்துல் ஹமீட் மெதுவாக.

"கணக்கில நாப்பத்தெட்டு எடுத்த. றிப்போட்டில வாப்பா அந்தப் பேனையாலதான் கையெழுத்து வெப்பார். பேனை இல்லாட்டி வெக்க மாட்டார் எண்டு நினைச்சு ஒளிச்ச. பத்து வயசு எனக்கு." அவள் மூக்கைத் துடைத்தாள். "சொல்லத்தான் வந்த. அதுக்குள்ள முஸ்பிறா ஓம் எண்டுட்டாள். பிறகு ஒருத்தரும் என்னட்டக் கேக்கல்ல. ஒருநாளும் கேக்கல்ல. மறுகா... பழகிட்டு."

மீராசா கதிரையில் இருந்துவிட்டார். அவருடைய கைகள் எதையோ தேடின, ஒன்றும் கிடைக்கவில்லை.

"ரத்தம் எண்டு காலையில சொன்னீங்க, சேர்" என்றார் அப்துல் ஹமீட். "அம்ஹாட ரத்தம் உங்கட ரத்தம். இது ரத்தம் இல்ல. பேனை போன அண்டைக்கு நீங்க ஒரு கேள்விய ஒராளிட்ட மட்டும் கேட்டீங்க. அதுக்கு 'ஓம்' எண்டு சொன்னாச் சத்தம் சீக்கிரம் முடியும் எண்டு முஸ்பிறா படிச்சிட்டாள். நான் பேசாம இருந்தாப் போதும் எண்டு அம்ஹா படிச்சிட்டாள். நீங்க படிப்பிச்ச பாடத்தத்தான் ரெண்டு பேரும் சரியாப் படிச்சிரிக்காங்க." நிறுத்தினார். "உங்கள மட்டும் சொல்ல எனக்கு வாய் இல்ல. அண்டைக்கு என்ட மேசைக்கு முன்னால நிண்ட பிள்ளைட்ட, எங்க வெச்ச எண்டு கேட்டு, போய்ப் பாத்திருந்தா, அரைப் பக்கம் எழுதியிருக்க மாட்டன். அதுக்குத்தான் எனக்குச் சம்பளம் தந்த."

அவர் முஸ்பிறாவின் பக்கம் திரும்பினார். "புள்ள, அண்டைக்கு ஒபிசில எனக்கும் ஏன் பொய் சொன்னாய்?"

முஸ்பிறா தயங்கினாள். "நீங்க அடிக்கல்ல, சேர். நல்ல ஆள் எண்டு நினைச்ச. நல்ல ஆளக் காத்திரிக்க வெக்கக் கூடாது எண்டு கெதியாச் சொன்ன."

அப்துல் ஹமீட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிந்தும் போடவில்லை.

வாயைத் திறந்தது முர்ஷித். "சரி, நடந்தது நடந்து போச்சி. சங்கிலி கிடைச்சிட்டு. அலுமாரிக்குப் பின்னால விழுந்து கிடந்த எண்டு சொல்லுவம். நாளைக்கு ஜும்ஆக்கு முந்திக் கொண்டுபோய்க் குடுத்தா முடிஞ்ச."

"ஓம்" என்றார் கமீலா உடனே. "அதுதான் சரி. ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியத் தேவையில்ல. அம்ஹாட பேரு..."

மீராசாவின் மனம் அந்த வழியில் இரண்டு எட்டு வைத்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த முஸ்பிறா உதவி செய்ய முன்வந்தாள்.

"அலுமாரிக் கதைய நம்ப மாட்டாங்க, மாமா. அவங்கட ஆக்களும் சேந்துதானே அண்டைக்குத் தேடின. நான் எடுத்துத் திருப்பித் தந்த எண்டு சொல்லுங்க. அத நம்புவாங்க."

அவள் அதைக் கோபத்திலும் சொல்லவில்லை, குத்தலாகவும் சொல்லவில்லை. கறிக்கு உப்புக் காணாது என்று சொல்வது போலச் சொன்னாள்.

மீராசா முகத்தை இரண்டு கையாலும் மூடினார். அறையில் இருந்த யாரும் அவரைத் தேற்றப் போகவில்லை. அந்த வீட்டில் அவரைத் தேற்றிப் பழகியவர்கள் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்தார்.

"சனிக்கிழமை நான் உன்ன நீயா எண்டு கேக்கக்குள்ள ஹோலில எத்தின பேர் இருந்த?"

"நாப்பது பேர் இரிக்கும், மாமா."

"நாப்பது பேருக்கு முன்னால." அவர் எழும்பினார். வெல்வெட் பெட்டியை எடுத்துச் சேட்டுப் பையில் போட்டார். "கமீலா, நான் மருதமுனைக்குப் போறன். இப்பவே. நடந்ததச் சொல்லப் போறன்."

"கலியாணம்?"

"அவள்தான் வேணாம் எண்டு சொல்லிட்டாளே. நீ கேக்கல்லயா?" வாசல் வரை போனவர் திரும்பினார். முஸ்பிறாவிடம் ஏதோ சொல்ல வேண்டியிருந்தது. முப்பத்தாறு வருடம் படிப்பித்த மனிதருக்கு அந்தச் சொல் வாய்க்கு வரவில்லை. "ஒண்டாந் திகதி..." என்று தொடங்கினார். "ஒண்டாந் திகதி முன்பள்ளிக்கு நானே உன்னக் கூட்டிப் போறன்."

"சரி, மாமா" என்றாள் அவள். நம்பினாளா என்று சொல்ல முடியாது.

அப்துல் ஹமீடும் சுஹறாவும் அவர் பின்னால் ஒழுங்கையில் இறங்கினார்கள். பின்னேர மீனோடு ஒரு வியாபாரி சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பக்கத்துக்குப் புதிய ஆள். பாணமைப் பக்கமிருந்து வந்தவர் போலிருந்தது. மீராசா அவருக்கு முன்னால் போய் நின்றார்.

"சங்கிலி கிடைச்சிட்டு" என்றார். "என்ட மகள்ட்டத்தான் இருந்த. முஸ்பிறா எடுக்கல்ல. நான்தான் பிழையாச் சொன்ன."

வியாபாரி அவரை மேலும் கீழும் பார்த்தார். "எந்தச் சங்கிலி, சேர்? எனக்கு ஒண்டும் தெரியாதே. பாரை இரிக்கி, வெட்டட்டா?"

"காக்கா, இவருக்கு என்ன?" என்று கிசுகிசுத்தாள் சுஹறா. "அந்த மனிசனுக்கு முஸ்பிறா ஆரெண்டும் தெரியாது."

"தெரியாத ஆளிட்டச் சொல்லிப் பாக்கிறார்" என்றார் அப்துல் ஹமீட்.

மீராசா மீன்காரரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நகர்ந்தார். பத்தடி தள்ளி, பக்கத்து வீட்டுப் படலையில் இரண்டு பெண்கள் நின்றார்கள். சனிக்கிழமை ஹோலில் இருந்தவர்கள். அவரைக் கண்டதும் கதையை நிறுத்திவிட்டுச் சோலைச் சரிசெய்தார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு அவர்களை நோக்கி நடந்தார்.